மூன்று விரல் சிட்டிகை

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும்போது, "அப்படியே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கி வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை பத்திரமாக டப்பாவுக்குள் போய்விடும். பொட்டலம்? அது அடுக்களை அலமாரியில், பெருங்காய டப்பாவுக்குப் பின்னால்! தேடினால் கிடைக்காது, தேடாதபோது காலில் வந்து விழும். 'உப்பும் சர்க்கரையும்தானே, இதில் என்ன பெரிய மருந்து இருக்கப் போகிறது?' என்ற அலட்சியம்தான். எளிமையான பொருளுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

அந்தப் பொட்டலத்தில் இருப்பது மொத்தம் 20.5 கிராம் தூள். குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் உப்பு 2.9. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டியது. அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' என்ற இடத்துக்கு வந்து சேர எத்தனை பேர் எத்தனை வருஷம் பாடுபட்டிருக்கிறார்கள் என்று படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எதையும் கூட்டுவது சுலபம், குறைப்பதுதான் கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பேதியாகும்போது குழந்தையை வாட்டுவது பெரும்பாலும் கிருமி மட்டுமல்ல. உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடுவதுதான். சரி, தண்ணீர் கொடுத்தால் போதாதா? வெறும் தண்ணீர் போன வேகத்திலேயே வெளியே வந்துவிடும். உப்புத் தண்ணீரும் அப்படித்தான். ஆனால் உப்போடு குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்து போனால், குடலின் சுவரில் இரண்டுமாகக் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. காலரா மாதிரிப் பொல்லாத நோயிலும் இந்த ஒரு வாசல் மட்டும் மூடுவதில்லை! ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960-ல் இந்த வாசலைப் பற்றிச் சொன்னார். 1968-ல் டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள், வாய் வழியே கொடுத்தே காலரா நோயாளிகளைத் தேற்ற முடியும் என்று காட்டினார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்ஸும் அளந்து கொடுப்பது வேறு. அடுக்களையில் ஒரு தாய் கலந்து கொடுப்பது வேறு, இல்லையா?

அந்தப் பரீட்சை வந்தது 1971-ல். வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லையைத் தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா. பன்காவ் என்ற எல்லையோர ஊரின் ஆஸ்பத்திரியில், கட்டில் போதாமல் தரையெல்லாம் நோயாளிகள். டாக்டர் திலீப் மகலாநபிஸ் அங்கே போய்ப் பார்த்தார். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத் தெரிந்தவர்களும் சில பேர்தான். வேறு வழியில்லை. குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா - மூன்றே பொருள். கல்கத்தாவில் எடை போட்டு, பாலிதீன் பைகளில் நிரப்பி, கரைக்கும் விதத்தை எழுதிய சீட்டையும் உள்ளே வைத்து, இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் வாயை ஒட்டினார்கள். முகாமில் பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். கூட வந்த அம்மாவும் அக்காவும்தான் பிடித்துப் பிடித்துக் கொடுத்தார்கள்.

அதில் பொட்டாசியம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருந்திருந்தால் நல்லதுதான். ஆனால் சுலபமாகக் கிடைப்பது, சுலபமாகக் கலப்பது, விலை குறைவு என்று பார்த்து மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். எதை விட்டுவிட்டாலும் உயிர் பிழைக்கும் என்று தெரிந்தவர்தான் அப்படி விட முடியும். தெரியாதவர் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டேதான் போவார்! முகாம்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தச் சிகிச்சை பெற்ற 3,700-க்கும் மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் 3.6 சதவீதம்தான்.

இன்னொரு சாமர்த்தியமும் செய்தார் அவர். 'சலைன்' என்றால்தான் வைத்தியம் என்று ஜனங்கள் நம்பியதால், இதற்கும் 'வாய் வழி சலைன்' என்றே பெயர் சொன்னார்! வெறும் உப்புத் தண்ணீர் என்றால் யார் குடிப்பார்கள்? டாக்டர் மகலாநபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள், அவர் இல்லாமல்.

அதற்குப் பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. குழந்தைக்கு ஒரு கலவை, பெரியவருக்கு ஒன்று, காலராவுக்கு வேறு என்று நாலு விதமாகச் செய்யலாமே என்ற வாதம் நிபுணர்களிடையே இருந்தது. புத்தகப்படி அது நியாயமும்கூட. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு எந்தத் தாய் நாலு பொட்டலத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வாள்? 1975-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் எல்லாருக்கும் ஒரே கலவை என்று முடிவு செய்தன. பிறகு வேறொரு சங்கடம்: சமையல் சோடா சேர்ந்த தூள், நம் மாதிரி உஷ்ணமும் ஈரமும் உள்ள தேசங்களில் பழுப்பு நிறமாகிக் கெட்டுப் போயிற்று. 1984-ல் அதற்குப் பதில் சிட்ரேட் வந்தது. 2002-ல் உப்பையும் குளுக்கோஸையும் இன்னும் குறைத்தார்கள். வாந்தியும் போக்கும் குறைந்ததோடு, நரம்பில் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இதில் எதுவும் தெரியாது. பொட்டலத்தைக் கிழி, கொட்டு, கலக்கு!

வங்கதேசத்தில் நடந்ததுதான் என் மனசுக்கு மிகவும் பிடித்த கதை. பொட்டலமே போய்ச் சேராத கிராமங்கள் என்ன செய்யும்? பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980-லிருந்து பத்து வருஷம், வீடு வீடாகப் பெண்களை அனுப்பி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் சொல்லிக் கொடுத்தது. தராசு கிடையாது, அளவு ஸ்பூன் கிடையாது. தாயின் கைதான் அளவு. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். நம் பாட்டிமார் ஊறுகாய்க்கும் ரசத்துக்கும் போட்ட அதே கையளவு! ஆனால் 'கையளவுதானே' என்று அவர்கள் விட்டுவிடவில்லை. தாய்மார்கள் கலந்ததை எடுத்துப் போய்ப் பரிசோதனைச் சாலையில் உப்பின் அளவைச் சோதித்தார்கள். உப்பு கூடினால் ஆபத்தாயிற்றே.

சொல்லிக் கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? எத்தனை வீட்டுக்குப் போனாள் என்று பார்த்து அல்ல. சில வாரம் கழித்து வேறொருவர் போய்க் கேட்பார்; அந்தத் தாய் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாள், சரியாகக் கலக்கிறாளா என்று பார்த்துத்தான் கூலி. மடமடவென்று ஒப்பித்துவிட்டு நகர்ந்தால் காசு வராது. அதனால் அவர்களே ஒரு விஷயம் கண்டுகொண்டார்கள்: தான் கலந்து காட்டுவதைவிட, தாயையே அவள் கையால் கலக்கச் சொன்னால் மறப்பதில்லை.

இவ்வளவு செய்தும், ஆரம்பத்தில் நிறையப் பேர் குழந்தைக்கு அதைக் கொடுக்கவில்லை. சொல்லத் தெரிந்தது, செய்யவில்லை. காரணம், ஒரு சொல்! ஊழியர்கள் சொன்னது 'டயேரியா'. அந்த ஊர்ப் பெண்களுக்கோ டயேரியா என்றால் காலரா மாதிரிக் கொடியது மட்டும்தான். அஜீர்ணத்தால் போவதற்கு ஒரு பெயர், தாய்ப்பால் ஒத்துக்கொள்ளாமல் போவதாக நினைப்பதற்கு ஒரு பெயர், சீதபேதிக்கு ஒரு பெயர் என்று அவர்களிடம் தனித்தனி கணக்கு இருந்தது. 'இது டயேரியா இல்லையே' என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

நம் ஊரில் மட்டும் என்ன? "பல்லு வெளியில வருது, அதான் போறது", "மாந்தம்", "தோஷம் பட்டிருக்கு", "தொக்கம் எடுத்தா சரியாப் போயிடும்"... நமக்கும் பட்டியல் நீளம்தான்.

இது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது, எங்கள் பகுதி மகளிர் குழுவில் ஓர் அட்டை தயாரித்தபோது. அங்கன்வாடிச் சுவரில் மாட்ட, குழந்தைக்குப் பேதியானால் என்ன செய்வது என்று சின்னதாக ஓர் அட்டை. எழுதுகிறவள் என்ற பெயர் இருப்பதால் வேலை என் தலையில் விழுந்தது. கையில் மாதிரிக்கு இருந்தது, யாரோ எப்போதோ அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரம். 'வயிற்றுப்போக்கினால் ஏற்படும் நீரிழப்பை ஈடுசெய்ய' என்று தொடங்கியது. அதை வாசித்துக் காட்டியதும் ஆயாம்மா கேட்டார்: "நீரிழிவா? அது சக்கரை வியாதி ஆச்சேம்மா! அவங்களுக்குப் போய் சக்கரைத் தண்ணி குடுக்கச் சொல்றீங்களே?"

சிரிப்பு வந்தாலும், அவர் கேட்டதில் என்ன தப்பு? காதில் விழுவது அப்படித்தானே. நீரிழப்பு போயிற்று.

"வயித்துப்போக்குன்னு போடலாமா, டீச்சர்?" என்றேன் அங்கன்வாடி ஆசிரியையிடம்.

"போடலாம்க்கா. ஆனா பல்லு முளைக்கறதால போறதுன்னு நினைக்கிறவங்க அட்டையைப் பார்க்கவே மாட்டாங்க."

நோயின் பெயரே வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுவோம் என்று முடிவாயிற்று. 'குழந்தைக்கு ஒரே நாளில் மூணு தடவை தண்ணியாப் போச்சா?' காரணம் பல்லோ, தோஷமோ, மாந்தமோ, அது அப்புறம்.

அடுத்தது தம்ளர். துண்டுப் பிரசுரத்தில் 'ஐந்து தம்ளர் தண்ணீர்' என்று இருந்தது. எந்தத் தம்ளர்? அங்கே வந்திருந்த ஐந்து பேர் வீட்டிலிருந்து ஐந்து தம்ளர் வரவழைத்து அளந்தோம். காபித் தம்ளர் 130 மில்லி பிடித்தது. ஒரு வீட்டு மோர்த் தம்ளர் 340! ஒரே பொட்டலம், ஒரு வீட்டில் உப்புக் கரிக்கும், இன்னொரு வீட்டில் வெறும் தண்ணீராகிவிடும். அப்போதுதான் ஒரு பெண் சொன்னாள்: "எல்லார் வீட்லயும் ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் கிடக்குதே, அக்கா." அப்பாடா! உலகத்து நிபுணர்கள் எல்லாம் யோசித்த பாத்திரப் பிரச்சினைக்கு எங்கள் தெருவில் கிடைத்த விடை அது. கழுவிய பாட்டில், கழுத்து வரை தண்ணீர். பொட்டலத்தில் 200 மில்லிக்கான சின்னதும் உண்டு. எங்கள் அங்கன்வாடியில் தருவது ஒரு லிட்டருக்கானது. ஆகவே அட்டையில் பெரியதை மட்டும் போட்டோம். கடையில் சின்னதை வாங்குகிறவர்கள் அதில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும்.

'கொதிக்கவைத்து ஆறவைத்த நீர்' என்ற வரியில்தான் பெரிய விவாதம். இருக்கட்டும் என்றார் குழுத் தலைவி. சுகாதாரம் முக்கியமில்லையா என்று கேட்டார். நியாயம்தான். ஆனால் அடுப்பு மூட்டி, காய்ச்சி, ஆறவைக்கும் வரை குழந்தை காத்திருக்குமா? அல்லது 'காய்ச்சின தண்ணி இல்லையே' என்று கொடுக்காமலே இருந்துவிட்டால்? என் கட்சி, வீட்டில் இருப்பதற்குள் சுத்தமான குடிதண்ணீர் எதுவோ அது. காய்ச்சியது தயாராக இருந்தால் ரொம்ப நல்லது. தலைவி அரை மனதோடு ஒத்துக்கொண்டார். துத்தநாக மாத்திரையைப் பற்றிய வரியையும் எடுத்துவிட்டோம். 2004 முதல் அதையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், நல்ல மாத்திரை, ஆனால் வயதுக்குத் தக்க அளவு உண்டு. அதைக் கொடுக்கும்போது நர்ஸம்மா சொல்லிக்கொள்ளட்டும்.

கடைசியில் நின்றது இதுதான்: தண்ணியா மூணு தடவை போனால், ஒரு பாட்டில் தண்ணியில் ஒரு பொட்டலம் முழுசும் கலக்குங்க. ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி குடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. ஒரு நாள் ஆச்சுன்னா மீதியைக் கொட்டிடுங்க. கண்ணு உள்ளே போனாலோ, துவண்டு போனாலோ, குடிக்க முடியலைன்னாலோ, ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, மலத்துல ரத்தம் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

இதை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று! ஒரு சிறுகதைக்குக்கூட நான் அவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதில்லை. அச்சகத்துக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாம்மா மேட்டர்? கீழே நிறைய இடம் காலியா இருக்கே, ஏதாவது பொன்மொழி போட்டுரலாமா?" என்றார்.

காலி இடத்தைப் பார்த்தால் நிரப்பத் தோன்றுவது அவருக்கு மட்டுமா? "டாக்டர் ஊசியே போடலை, வெறும் உப்புத் தண்ணியைக் குடுத்து அனுப்பிட்டார்" என்று குறைப்படாத வீடு உண்டா? 2024-ல் வெளியான ஓர் ஆய்வு கர்நாடகத்திலும் பீகாரிலும் நடந்தது. மருத்துவம் பார்ப்பவர்களில் பலர், ஓ.ஆர்.எஸ். நல்லது என்று தெரிந்தும் எழுதிக் கொடுப்பதில்லை. கையிருப்பு இல்லை, லாபம் இல்லை என்பதெல்லாம் சின்னக் காரணங்கள். பெரிய காரணம், வருகிறவர்கள் அதை விரும்ப மாட்டார்கள் என்று அவர்களாக நினைத்துக்கொள்வதுதான்! அவர்கள் நமக்குப் பயப்படுகிறார்கள், நாம் அவர்கள் எழுதியதை நம்புகிறோம்; நடுவில் குழந்தை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், பேதியான குழந்தைகளில் சுமார் 61 சதவீதம் பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்திருந்தது.

எளிமையை விற்க முடியாது, அலங்காரத்தை விற்கலாம். அதனால்தான் ஆப்பிள் வாசனை, ஆரஞ்சு வாசனை என்று அட்டைப் பெட்டிகளில், பெயரிலேயே 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளை ஒட்டவைத்துக்கொண்டு இனிப்புப் பானங்கள் கடையில் வரிசை கட்டி நின்றன. சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதில் உள்ளே இழுத்துக் கொட்டும், பேதி அதிகமாகும். ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் பல வருஷம் விடாமல் போராடினார். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையாக இல்லாத எந்தப் பானமும் தன் பெயரில் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. கடையில் வாங்கும்போது மேலே உள்ள பழப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்புறம் திருப்பிக் கலவையைப் பாருங்கள்.

எளிய பொருள் என்று சொல்கிறோமே, யாருக்கு எளிது என்றும் பார்க்க வேண்டும். எதிர்வீட்டுப் பெண்ணின் பத்து மாதக் குழந்தைக்குப் பேதி கண்டு, அவளுக்குத் துணையாக நானும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், எடை போடச் சொன்னார். எட்டு கிலோ. "பாட்டில் ஏத்த வேண்டாம்மா. நாலு மணி நேரத்துல 600 மில்லி வாய் வழியாப் போகணும். இங்கேயே பெஞ்சுல உக்காந்து குடு. நான் வந்து பார்க்கறேன்" என்றார்.

600 மில்லி என்றால் சின்ன ஸ்பூனால் 120 ஸ்பூன். இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. நரம்பில் ஏற்றும் பாட்டில் என்றால் அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும், நாம் கொஞ்சம் கண் அசரலாம். இது அப்படியில்லை. குழந்தை ஒரு ஸ்பூன் குடிக்கும், அடுத்ததைத் துப்பும், அதற்கடுத்ததைத் தட்டிவிடும். ஒரு தடவை வாந்தி. பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி முதலிலிருந்து. "கை மரத்துப் போச்சு மாமி" என்றாள் அவள். ஸ்பூனை வாங்கி நான் கொடுத்தேன். பக்கத்துப் பெஞ்சில் யாருக்கோ துணைக்கு வந்திருந்த பாட்டி கொஞ்ச நேரம் கொடுத்தார். வேலைக்குப் போகும் பெண்ணானால் அன்றைய கூலி போயிற்று. வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அதை யார் பார்ப்பது? பொட்டலத்தின் மேல் இதெல்லாம் எழுதியிருக்காது.

நாலே முக்கால் மணிக்கு என் புடவை நனைந்தது. "மாமி, ஐயையோ!" என்று பதறினாள் அவள். டாக்டரம்மா தூரத்திலிருந்தே பார்த்துச் சிரித்துவிட்டு, "நல்லதும்மா, ஒண்ணுக்குப் போயிட்டானா? இன்னும் எத்தனை ஸ்பூன் பாக்கி?" என்று கேட்டார்.